அப்பா மூக்கு

தையல் கடையில் வாய்க்கு இரண்டு வேலைகள். ஒன்று, "நாளைக்குக் காலையில கட்டாயம் ரெடி" என்று வாடிக்கையாளரிடம் பொய் சொல்வது. இன்னொன்று, குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதால்தான் தையல்காரர்கள் இன்னும் கொஞ்சமாவது யோக்கியர்களாக இருக்கிறார்கள்.

பாப்பாவுக்கு இரண்டாவது வேலை கைவந்த கலை. கைவந்த என்று சொல்வதா வாய்வந்த என்று சொல்வதா, தெரியவில்லை. அளவு பார்க்க வந்தவரைக் கண்ணாடி முன் நிறுத்தி, உதட்டில் வரிசையாக ஊசிகளைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவித் தோளிலும் இடுப்பிலும் கைமடிப்பிலும் குத்தியபடி ஒரு சுற்று வருவாள். சுற்றி முடிக்கும்போது துணி அந்த ஆள்மேல் பிறந்ததிலிருந்தே இருந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதிலும் அவளுக்கு வீட்டில் பாப்பா என்றுதான் பெயர். கடைக்கு வருகிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கல்யாணம் என்று ஒன்று அவளுக்குக் கூடிவரவில்லை. அதற்காக அவள் மூக்கால் அழுதுகொண்டிருக்கவும் இல்லை. வீட்டு முன்னறைதான் கடை. அதில் வெட்டும் மேசை அவளுடையது. சன்னலோரத் தையல் மிஷின் அம்மாவுடையது. மகள் வெட்டுவாள், அம்மா தைப்பாள். கடை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடாதது பாப்பாவின் மூச்சுதான். கொஞ்ச காலமாகவே வாயை மூடினால் அவளுக்கு மூச்சு முட்டியது. மெல்ல இழுத்தால் கொஞ்சம் வரும். வேகமாக இழுத்தால், மூக்கின் இரண்டு பக்கச் சுவர்களும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்; அதோடு சரி. மூக்கு அடைப்பு மருந்து, ஆவி பிடித்தல், பக்கத்துக் கடைக்காரர் சொன்ன மூச்சுப் பயிற்சி எல்லாம் ஆயிற்று. ஒரு விரலால் கன்னத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தால் மட்டும் காற்று போகும் என்று அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதனால் எந்நேரமும் கன்னத்தில் விரல். பார்க்கிறவர்கள் பல் வலியா என்று விசாரித்துவிட்டு, ஆளுக்கொரு பல் டாக்டரின் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் ஒரு வங்கி மேலாளர் பதவி உயர்வுக்காகப் புதுக் கோட்டு போட்டுப் பார்க்க வந்திருந்தார். பாப்பா முழங்காலிட்டுக் கோட்டின் கீழ்மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் கன்னத்தை இழுக்க விரல் இல்லை. மூச்சு தீர்ந்துபோய் அவளை அறியாமல் வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். காற்றோடு ஓர் ஊசியும் உள்ளே போய் நாக்கின் அடியில் குத்தி நின்றது. அவள் இருமிய இருமலில் ஊசிகள் தெறித்தன. மேலாளர் பதவி உயர்வுக்கு முன்பே நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

அம்மா மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். மகளின் தாடையைப் பிடித்து விளக்குக்கு நேராகத் தூக்கி, வாய்க்குள் பார்த்து, நாக்கடியிலிருந்த ஊசியை இரண்டு நகங்களால் உருவி எடுத்தாள். எத்தனை ஊசி வைத்திருந்தாய் என்று கேட்டு, தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சரிபார்த்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போற" என்றாள்.

சொல்லும்போது அம்மா பாப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். அம்மா மகளைப் பார்ப்பதில் என்ன அதிசயம் என்று யாரும் கேட்கலாம். இந்த வீட்டில் அது அதிசயம்தான். அந்தப் பார்வையைச் சம்பாதிக்கப் பாப்பா ஒரு மூக்கையே கொடுத்திருந்தாள்.

பாப்பாவின் அப்பா கப்பலில் எலக்ட்ரீஷியன். வருவார், சில வாரம் இருப்பார், போவார். அவளுக்கு ஏழு வயதாகும்போது போனவர் வரவில்லை. கடல் விழுங்கியிருந்தால்கூட அழுது தீர்த்திருக்கலாம். கடல் விழுங்கவில்லை, ஏதோ ஒரு துறைமுகத்தில் இன்னொரு வீடு விழுங்கிவிட்டது. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் என்று உறுதியாகத் தெரிந்த அன்று, அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, புயல்போல வந்து வீட்டிலிருந்த அவருடைய படங்களை ஒன்று விடாமல் கிழித்துப் போட்டாள். சித்தி நல்லவள்தான், ஆனால் கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். அம்மா வாயே திறக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தைத்து முடித்தாள்.

சித்தியால் கிழிக்க முடியாத படம் ஒன்று வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தது. பாப்பா அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள். கண் அம்மாவுடையது, நெற்றி யாருடையதோ. ஆனால் முகத்தின் நடுவில் பரந்து, நுனியில் உருண்டு, சிரித்தால் இன்னும் அகலமாகிற அந்த மூக்கு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அப்பாவுடையது. பள்ளிக்கூடத்தில் அவளைக் குடமிளகாய் என்று கூப்பிட்டார்கள். அது அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. வருத்தமெல்லாம் வீட்டில்தான்.

அப்பா போன பிறகு அம்மா அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். திட்டவில்லை, அடிக்கவில்லை, குறை வைக்கவில்லை. பின்னால் நின்று தலை பின்னிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். பேச வேண்டியதைக் கையிலிருக்கும் துணியைப் பார்த்துப் பேசினாள். புது கவுன் தைத்துப் போட்டுவிட்டு, தோள் சரியா, இடுப்பு சரியா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். பார்வை கழுத்துக்கு மேல் ஏறாது. கழுத்துக்குக் கீழே இருக்கிற பாப்பாவை அம்மா அரை அங்குலம் பிசகாமல் அறிவாள். மேலே இருந்த பாப்பாதான் தனியாக வளர்ந்தாள்.

அந்தப் பிள்ளை என்னதான் செய்யவில்லை. மிஷினுக்கு எதிரே போய் நின்று பார்த்தாள். கோணங்கித்தனம் பண்ணிப் பார்த்தாள். நன்றாகப் படித்து முதல் மார்க் வாங்கி வந்து நீட்டினாள். அம்மா தாளைப் பார்த்தாள், முதுகைத் தட்டிக் கொடுத்தாள், நூல் கோக்கத் திரும்பிவிட்டாள். அம்மா ஒரு தடவை தன்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு பிள்ளைகள் பொம்மைக்கு ஏங்கின வயதில் அவள் இதற்கு ஏங்கினாள்.

காரணத்தைச் சித்திதான் கண்டுபிடித்துச் சொன்னாள். சித்தி அழகு நிலையம் நடத்துகிறவள். உலகத்தில் திருத்த முடியாத முகம் என்று எதுவும் கிடையாது என்பது அவள் கட்சி. அக்காவுக்கு அந்த மூக்கைக் கண்டாலே ஆகாது, அதுதான் விஷயம், மூக்கை மாற்றினால் எல்லாம் மாறும் என்று பாப்பாவின் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். மூக்கைச் சின்னதாக்கும் ஒரு டாக்டரையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். சித்தி அடுத்தவர் மூக்கிலேயே நுழைந்துவிட்டாள்.

பாப்பாவுக்கு அப்போது இருபத்து சொச்சம் வயது. அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அம்மா தலையை நிமிர்த்தாமல் "உன் இஷ்டம்" என்றாள். இந்த மூக்கு உனக்கு வேண்டாமா என்று மகள் கேட்கவில்லை. வேண்டும் என்று தாய் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே துணியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவு பெரிய காரியத்தை முடிவு செய்தார்கள். அது அந்த வீட்டுப் பழக்கம்.

ஆபரேஷன் நடந்தது. நடு எலும்பை ராவி, இரண்டு பக்கமும் நெருக்கி, நுனியைக் கூராக்கி, பத்திரிகை அட்டையில் வருகிற மாதிரி ஒரு மூக்கைச் செய்து கொடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அம்மா அவள் தாடையைப் பிடித்தாள். இடப்பக்கம் திருப்பினாள். வலப்பக்கம் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். பாப்பாவுக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அம்மா அவளைப் பார்க்காத நாளில்லை. சாப்பிடும்போது பார்ப்பாள், மிஷினுக்கு மேலிருந்து பார்ப்பாள், தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று பார்ப்பாள். தெருவில் எல்லோரும் மூக்கும் முழியுமாக ஆகிவிட்டாள் என்றார்கள். பாப்பாவுக்குத் தெருவைப் பற்றிக் கவலையே இல்லை.

மூச்சு போனது பிறகு மெல்ல மெல்லத்தான். போனதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. ஊசி உள்ளே போனபோதுதான் கதை மாறியது.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அதைத் தேடிக்கொண்டே பேசுகிற ஒரு அம்மாள். முதலில் பாப்பாவின் கன்னத்தில் விரலை வைத்துப் பக்கவாட்டில் இழுத்தார். இது எனக்கே தெரியும் என்றாள் பாப்பா. எல்லோரும் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள் என்றார் டாக்டர். பிறகு நுனியில் பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சி ஒன்றை மூக்குக்குள் விட்டு, உள்சுவரை ஒரு மயிரிழை அளவு மட்டும் உயர்த்திப் பிடித்தார்.

"இப்ப இழுங்க."

பாப்பா இழுத்தாள். காற்று போயிற்று. தொண்டைக்கு இல்லை, அதற்கும் மேலே, கண்ணுக்குப் பின்னால் எங்கோ போய்க் குளுகுளுவென்று பரவியது. காற்றுக்குக் குளிர்ச்சி உண்டு என்பதையே அவள் மறந்திருந்தாள். டாக்டர் கையின் சோப்பு வாசனை வந்தது. ரப்பர் உறையின் வாசனை, யாரோ தாழ்வாரத்தில் எடுத்துப் போகிற தேநீரின் வாசனை, சன்னலுக்கு வெளியே வெயிலில் காய்கிற சுண்ணாம்பின் வாசனை, எல்லாம் காத்துக்கொண்டிருந்தாற்போல முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தன. டாக்டர் குச்சியை எடுத்தார். கதவு சாத்திக்கொண்டது. பாப்பாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை வைக்கிறீர்களா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்டாள். டாக்டர் இன்னொரு தடவை வைத்தார்.

மூக்குக்குள் மிகவும் குறுகலான இடம் ஒன்று உண்டு, அதை வால்வு என்போம், முன்பு மூக்கைச் சின்னதாக்கியபோது அந்த இடத்தின் பிடிமானம் போய்விட்டது, அதனால் மூச்சை இழுக்கும்போது சுவரும் சேர்ந்து உள்ளே வந்து அடைக்கிறது என்று விளக்கினார்.

"காலருக்குள்ள கேன்வாஸ் வைக்காம விட்டா தொய்ஞ்சு விழுமே, அப்படியா?" என்றாள் பாப்பா.

அப்படியேதான் என்றார் டாக்டர். காதுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து, பட்டையாகச் சீவி, நடுத்தண்டுக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் வைத்துத் தைத்துவிட்டால் வழி திறந்து நிற்கும். முதல் ஆபரேஷனுக்கு முன் எடுத்த படம் இருந்தால் கொண்டு வரச் சொன்னார். அடுத்த தடவை பாப்பா தன் கல்லூரி அடையாள அட்டையைக் கொண்டுபோனாள். டாக்டர் தலையிலிருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல மூக்கா இருந்துச்சே. இதுல ஏன் கை வச்சீங்க?"

"வீட்டுல ஒருத்தருக்குப் பிடிக்கல."

டாக்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் என்றார். பட்டை வைத்தால் மூக்கின் நடுப்பகுதி அகலமாகும். நெருக்கி வைத்த பக்கங்களையும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். பழைய மூக்கு அப்படியே திரும்பாது. ஆனால் அதன் ஜாடை வந்துவிடும்.

அங்கேதான் பாப்பாவுக்கு அடி விழுந்தது. மூச்சு வேண்டுமானால் அப்பா மூக்கு திரும்ப வரும். அப்பா மூக்கு வந்தால் அம்மாவின் பார்வை போகும். இரண்டில் ஒன்று. வீட்டுக்கு வந்து வெட்டும் மேசையில் உட்கார்ந்துகொண்டு, கன்னத்தை இழுத்துப் பிடித்தபடி, ஒரு கால்சட்டைத் துணியை வெறித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மூச்சு அவளை விடவில்லை. குச்சி வைத்து டாக்டர் காட்டிய மூச்சு. தண்ணீர் குடிக்கும்போது நினைவு வந்தது, பஸ்ஸில் நினைவு வந்தது, வாயைப் பிளந்துகொண்டு தூங்கி நாக்கு வறண்டு விழிக்கும்போதெல்லாம் நினைவு வந்தது. காதலித்தவர்கள் இப்படித்தான் இருப்பார்களோ என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் நிமிர்ந்தால் எதிரே அம்மா. மிஷினுக்கு மேலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எப்படி விடுவது?

டாக்டர் கொடுத்த தேதியைப் பாப்பா ஒரு தடவை தள்ளிப்போட்டாள். இன்னொரு தடவையும் தள்ளிப்போட்டாள். அதற்குள் சித்திக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வந்தாள்.

"அந்த ஆளு போய்ச் சேந்தாச்சு. இப்பதான் அக்கா கொஞ்சம் நிம்மதியா இருக்கா. அந்த மூக்கை மறுபடி கொண்டாந்து அவ முன்னாடி நிறுத்தப் போறியா?"

அப்பா போய்ச் சேர்ந்தது உண்மைதான். போன வருஷம், அவரோடு கப்பலில் இருந்த ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், தைத்துக்கொண்டிருந்த கோட்டை மறுபடி கையில் எடுத்தாள். இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டாள். மிஷினைத் தொட்ட நாளிலிருந்து அம்மா செய்யாத தப்பு. பாப்பா அதைப் பிரித்து வைத்தாள். செத்தும் அந்த மனுஷன் மேல் இவ்வளவு ஆத்திரமா என்று அன்றைக்கு அவள் நினைத்துக்கொண்டாள். சித்தியும் அப்படித்தான் சொன்னாள். அம்மாவைப் பற்றி எந்த விஷயமானாலும் சித்திக்கு உடனே தெரிந்துவிடும். அம்மாவைக் கேட்க வேண்டிய அவசியமே அவளுக்கு ஏற்பட்டதில்லை.

கடைசியில் பாப்பா அம்மாவிடமே போனாள். அம்மா பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்தால் மூக்கு அகலமாகும், பழைய மாதிரி ஆகும் என்று பாப்பா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவளிடமிருந்ததே ஒரு மூச்சுதான்.

அம்மாவின் கால் நின்றது. பாபின் நின்றது.

"டாக்டர் எப்ப வரச் சொன்னாங்க?"

"அகலமாகும்னு சொல்றேன்மா."

"கேட்டுச்சு. எப்ப வரச் சொன்னாங்க?"

மகளின் மூச்சுக்காக அம்மா தன் மனதைக் கல்லாக்கிக்கொள்கிறாள் என்று பாப்பா புரிந்துகொண்டாள். அம்மாவின்மேல் அவளுக்கு அன்றைக்குப் பொங்கிய பாசத்துக்கு அளவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டு பொங்குகிற பாசமும் பாசம்தானே.

ஆபரேஷன் அன்று மயக்க மருந்து டாக்டர் அவளை எண்ணச் சொன்னார். ஐந்தைத் தாண்டவில்லை. விழித்தபோது காதில் கட்டு, மூக்கின்மேல் பிளாஸ்டர், மூக்குக்குள் தக்கை, வாய் வறண்டு ஓட்டைப் பானை மாதிரி திறந்து கிடந்தது. அம்மா ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டுப் பிரிக்க ஒரு வாரம் என்றார்கள். அந்த ஒரு வாரமும் அம்மா கடையைப் பாதி நேரம் சாத்திவைத்தாள். கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். தலையணையை இரண்டாக மடித்து முதுகுக்கு வைத்தாள். கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பட்டன் தைத்தாள், பட்டனுக்குப் பட்டன் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு வெளியே தெரியவில்லை. கண்ணும் வாயும் மட்டும்தான் மகளுடையதாகத் தெரிந்தன. பாப்பா அந்தப் பார்வையைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டாள். ஊருக்குப் போகிறவர்களின் முகத்தை ரயில் கிளம்பும்வரை பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பிளாஸ்டர் பிரிக்கிறவரைதான் இது. அதற்குப் பிறகு அம்மா துணியைப் பார்த்துப் பேசுவாள். மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவாள். தெரிந்துதான் பாப்பா ஒப்புக்கொண்டாள், இருந்தாலும் அவளுக்கு ஆறவில்லை. இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். மூச்சுக்கு ஏங்கினவள் மூச்சு வருகிற நாளைத் தள்ளிப்போட ஏங்கினாள்.

பிரிக்கிற அன்று அவசர வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லி அம்மா கடையில் தங்கிவிட்டாள். பாப்பாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது, புரிந்த மாதிரி இருந்தது.

டாக்டர் பிளாஸ்டரை நனைத்து உரித்தார். உள்ளேயிருந்த தக்கைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. தலைக்குள்ளிருந்து ஒரு ஜோடிச் செருப்பை எடுக்கிறாரோ என்று பாப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் வாயை மூடிக்கொண்டு இழுக்கச் சொன்னார்.

காற்று வந்தது. யாரும் குச்சி வைத்துப் பிடிக்காமல், விரலால் கன்னத்தை இழுக்காமல், அதுபாட்டுக்கு வந்தது. வீக்கம் இருக்கிறது, வற்ற வற்ற இன்னும் நன்றாக வரும் என்றார் டாக்டர். பாப்பா தலையை மட்டும் ஆட்டினாள். பேசினால் வாயைத் திறக்க வேண்டியிருக்குமே.

கண்ணாடியைக் கொடுத்தார்கள். அதில் அப்பா இருந்தார். வீங்கி, கன்னம் பழுத்து, ஊர்ச் சண்டைக்குப் போய் மூக்குடைபட்டுத் திரும்பின மாதிரி. ஆனால் அவரேதான். பாப்பாவுக்கு அவரைப் பற்றி ஞாபகம் அதிகமில்லை. தோளில் உட்கார்ந்துகொண்டு அவர் மூக்கைப் பிடித்து இடமும் வலமும் திருப்பியது, அந்தப் பக்கமாக அவர் வண்டிபோலத் திரும்பி நடந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எங்களை விட்டுப் போனாயே என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. எங்கே போயிருந்தாய் இவ்வளவு நாள் என்றும் கேட்கத் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில், அவரைப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை அவளே எதிர்பார்க்கவில்லை.

நடந்தே வீட்டுக்கு வந்தாள். தெருவுக்கு இத்தனை வாசனைகளா? ரொட்டிக் கடையின் சூடு, வண்டி பழுது பார்க்கிற கடையின் பெட்ரோல், புதுச் சுவரின் ஈர சிமெண்ட், எதிரே வந்த பெண்ணின் தலையிலிருந்து ஏதோ ஷாம்பு. எல்லாவற்றையும் அள்ளி அள்ளி இழுத்தாள். இழுத்துக்கொண்டே கடையிருந்த தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். மறதியால் இல்லை. பயத்தால்தான். அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள், மறுபடி சுற்றினாள். எவ்வளவு நேரம்தான் சுற்ற முடியும். உள்ளே போனாள்.

அம்மா மிஷினில் இருந்தாள். அவசர வேலை என்று சொன்ன துணி மடித்த மடிப்புக் கலையாமல் பக்கத்தில் இருந்தது. பாப்பா எதிரே போய் நின்றாள், ஏழு வயதில் நின்ற மாதிரி.

அம்மா நிமிர்ந்தாள். ஒரு கணம்தான். கண் பாப்பாவின் முகத்தில் பட்டது, மூக்கில் நின்றது, சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அப்படியே, பழைய மாதிரியே.

பாப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. மூக்கு திறந்திருந்தும் அடைத்தது. சரி, தெரிந்த விஷயம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, நான் வேண்டுமானால் வெட்டும் மேசையைப் பின்னறைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றாள். 

அம்மா சன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"உன்னை யாரு அன்னைக்கு அதை வெட்டிக்கச் சொன்னா?"

பாப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "நீதான் என் மூஞ்சியப் பாக்கவே மாட்டியேம்மா."

"பாத்தா அழுதுருவேன்னு பாக்கல."

வெளியே ஒரு பஸ் போனது. அது போய் முடிகிறவரை அம்மா காத்திருந்தாள்.

"உன் சித்தி படத்தையெல்லாம் கிழிச்சா. சரி, போகுதுன்னு விட்டேன். வீட்டுக்குள்ள ஒண்ணு இருக்குல்லன்னு இருந்தேன். நிமிந்து பாக்கத் தைரியமில்ல, ஆனா இருக்குன்னு தெரியும். நீ அதையும் குடுத்துட்டு வந்து நின்ன. மூச்சையும் சேத்துக் குடுத்துட்டு வந்து நின்ன."

"அதுக்கப்புறம்தானேம்மா என்னைப் பாத்த. தினம் பாத்தியே."

"எங்கயாவது கொஞ்சம் மிச்சம் இருக்கான்னு பாத்தேன்."

 சாப்பிடும்போது, மிஷினுக்கு மேலிருந்து, தூங்கும்போது வாசற்படியில் நின்று, இத்தனை வருஷமாக அம்மா பார்த்ததெல்லாம் தன்னை என்று பாப்பா நினைத்திருந்தாள். அம்மா தேடிக்கொண்டல்லவா இருந்திருக்கிறாள். அவளுக்கு வலித்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே வலித்தது. விட்டுப் போன மனுஷனுக்கு இவ்வளவு, கூடவே இருந்தவளுக்கு எவ்வளவு என்று கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் சன்னல் பக்கம் திரும்பியிருந்த அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அப்பா போனதற்காக அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை. செத்ததற்கும் அழவில்லை. இப்போதுதான் அழுகிறாள்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ கேட்டிருக்கலாமே" என்றாள் அம்மா.

இரண்டும் நியாயம்தான். கேட்காதவளும் சொல்லாதவளும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று அன்றைக்குத்தான் பாப்பாவுக்குத் தெரிந்தது. மூக்கு அப்பாவுடையதாக இருந்தாலும் அவள் முழுக்க முழுக்க அம்மாவின் மகள்தான்.

அருகே போய் அம்மாவின் தோளைத் தொட்டாள். அம்மா திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமலே, கையைப் பின்னால் நீட்டி மிஷினுக்கு எதிரிலிருந்த முக்காலியைக் காட்டினாள்.

"அங்க உக்காரு. எங்கயும் போயிடாத. நான் மெதுவாப் பாத்துக்கறேன்."

பாப்பா உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு, அம்மா திரும்புவதற்காகக் காத்திருந்தாள்.